தேடலும் தெளிவும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

தேனியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர் ஊராகக் கடந்து குமுளி மலையடிவாரத்தை அடைகிறது. இருமருங்கும் மலைகள், இடையே முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் நெல்லும் தென்னையும் திராட்சையும். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் பெருகிய இந்த வளத்தையே இங்கு வருவோர் முதலில் காண்கின்றனர். சற்று நின்று நோக்குவோர்க்கு வேறொரு வளமும் தென்படும். இப்பள்ளத்தாக்கில் மனிதர்கள் எதையெல்லாம் நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், மாண்ட வீரனைக் கல்லில் நட்டு நினைந்த பழங்காலத்தைக் காட்டுகின்றன. உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன, சிவாலயமும் அங்குண்டு. இராயப்பன்பட்டியில் மாதா கோயில் எழுந்து நிற்கிறது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் பள்ளிவாசல் மினாராக்கள் வானளாவுகின்றன. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரைப் பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் மக்களுக்குத் திறக்கிறது.

இத்தகைய மண்ணில் பிறந்த ஒருவன், தன் நம்பிக்கை தனக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பதில் வியப்பில்லை. அவ்வாறு கேட்ட ஒரு மாணவனை நாம் ஒருமுறை வாயடைக்கச் செய்தோம். இக்கட்டுரை அந்தத் தவற்றிலிருந்து பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கம்பத்தில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஒரு பெரியவர் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். பையன் நம் அரபுக் கல்லூரியில் ஓதிக் கொண்டிருந்தவன். பாடத்தில் குறை சொல்ல இயலாதவன். "ஹஜ்ரத், இவன் வீட்டில் பைபிளும் கீதையும் வைத்துக்கொண்டு படிக்கிறான். நீங்கள்தான் சொல்லித் திருத்த வேண்டும்" என்றார் தந்தை. ஏன் படிக்கிறாய் என்று வினவினோம். அவன் தலைகுனிந்தபடியே சொன்னான்: "ஹஜ்ரத், நான் இராயப்பன்பட்டியில் பிறந்திருந்தால் இந்நேரம் மாதா கோயிலில் மணியடித்துக் கொண்டிருப்பேன். அப்படியென்றால் இந்த ஈமான் என்னுடையதா, அத்தாவுடையதா?"

இது ஷைத்தான் போடும் வஸ்வாஸ் என்று கூறினோம். அவ்விரு நூல்களையும் வாங்கி நம் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். தந்தை மனநிறைவுடன் ஊர் திரும்பினார். மகன் அதன்பின் ஓதி முடித்து வெளியேறும்வரை நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அப்போது எண்ணினோம். கேட்கும் இடம் இதுவல்ல என்று அவன் முடிவு செய்துவிட்டான் என்பது பிறகே நமக்கு உறைத்தது.

அவன் கேட்டது புதிய கேள்வியன்று. தமிழிலும் அரபியிலும் அதற்கு நெடிய வரலாறு உண்டு.

தமிழில் இக்கேள்வியின் முழுமையான வடிவத்தைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் காண்கிறோம். அக்காப்பியத்தின் தலைவி சேரர் தலைநகரான வஞ்சிக்கு வருகிறாள். முதலில் கண்ணகியின் கோட்டத்தில் வழிபடுகிறாள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் வண்ணாத்திப்பாறைக் கோயிலே என்று கருதுவோர் உளர். அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடும் உண்டு. எவ்வாறாயினும், கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அண்ணாந்து பார்க்கும் மலையுச்சியோடு இணைத்துப் பேசப்படும் இக்கதையில், கண்ணகித் தெய்வம் அப்பெண்ணிடம் சொல்லும் செய்தி சிந்தனைக்குரியது. நீ இளம்பெண், உன் உருவைக் கண்டால் சமய ஆசிரியர்கள் தம் கொள்கையின் உட்பொருளை உனக்குச் சொல்ல மாட்டார்கள் என்கிறது அத்தெய்வம். எனவே மணிமேகலை ஒரு முதிய ஆண் துறவியின் வடிவம் கொண்டு அவர்களை நாடுகிறாள். கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற சிக்கல் அன்றே இருந்தது. நம் வீட்டுப் பெண்மக்கள் மார்க்கத்தில் ஐயம் கேட்டால் நம் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதை நினைத்துப் பார்ப்போர்க்கு இவ்விடம் சற்றே உறுத்தும்.

வஞ்சியில் அவள் பதின்மரைச் சந்திக்கிறாள்: அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி. ஒவ்வொருவரிடமும் உன் பொருள் யாது என்று கேட்டு, அவர் சொல்வதை முழுதும் செவிமடுக்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி என்பது கவனிக்கத்தக்கது. கடவுளைப் பற்றியோ வீடுபேற்றைப் பற்றியோ பேசுமுன், மனிதன் ஒன்றை அறிவது எவ்வாறு என்ற வினா எழுப்பப்படுகிறது. அறிவதற்கான அளவைகளை வியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் வகுத்ததை அவன் விளக்குகிறான். இறுதியில் வரும் பூதவாதி கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தை இன்னார் என்பதை நீ எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். பின்னர் காஞ்சி சென்று, பசித்தோர்க்கு உணவளித்து, அறவண அடிகளிடம் பௌத்த நெறியைக் கேட்டு ஏற்கிறாள்.

சாத்தனார் பௌத்தர், அவருடைய தலைவி எங்கு போய்ச் சேருவாள் என்பது முன்பே முடிவானது. அம்முடிவு நம் முடிவு அன்று. ஆயினும் பிற கொள்கையினரை அவரவர் சொற்களிலேயே பேசவிட்டு, பிறகே தன் நெறியைத் தேர்வது என்ற ஒழுங்கைத் தமிழுக்கு அந்நூல் விட்டுச் சென்றுள்ளது.

அடுத்த காலத்தில் இவ்வொழுங்கு கடுமையடைந்தது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் சைவக் குடும்பத்தில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனராக விளங்கி, மீண்டும் சைவத்திற்குத் திரும்பினார். ஒரு மனிதரின் வாழ்நாளில் நிகழ்ந்த இந்தப் போக்குவரத்து, சைவ வரலாற்று நூல்களில் அரசவைப் போட்டியாகவும் ஒரு சமயத்தின் வெற்றியாகவும் மற்றொன்றின் வீழ்ச்சியாகவும் சித்திரிக்கப்பட்டது. பாண்டிய நாட்டில் சமணர் அத்துடன் அடியோடு அழிந்தனர் என்பதே பலரது எண்ணம். உத்தமபாளையத்துப் பாறை வேறு செய்தி சொல்கிறது. அங்குள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் கணிப்பு. தமிழகத்தின் பல குன்றுகளில் சிற்பங்கள் செய்வித்த அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் அங்கும் பொறிக்கப்பட்டுள்ளது. நாவுக்கரசருக்குப் பின் இருநூறு ஆண்டுகள் கழிந்தும் இப்பள்ளத்தாக்கில் சமணர் கல்லில் உளி பதித்து வாழ்ந்தனர். இன்று அப்பாறையடியில் கருப்பண்ணசாமி கோயில் கொண்டிருக்கிறார். வழிபட வரும் மக்கள் தீர்த்தங்கரர்களையும் கண்டு செல்கின்றனர். வென்றவர் எழுதும் கதையைவிடக் கல் நிதானமாகப் பேசுகிறது.

இனி நம் கல்விக்கூடத்திற்குள் வருவோம். அரபுக் கல்லூரிகளில் நாம் ஓதிக்கொடுக்கும் அகீதா நூல்களுள் இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் 'அகாஇத்' முதன்மையானது. ஹிஜ்ரி 537இல் (கி.பி. 1142) மறைந்த அவ்விமாம் அந்நூலை எங்கிருந்து தொடங்குகிறார்? பொருள்களுக்கு மெய்யான இருப்பு உண்டு. அவற்றை அறிய இயலும். அறிவதற்கான வழிகள் மூன்று என்று தொடங்குகிறார். பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு என்பன அம்மூன்று. அதன் பின்னரே இறைவனின் பண்புகளைப் பற்றிய பேச்சு வருகிறது. வஞ்சியின் அளவைவாதி நின்ற அதே வாயிலில்தான் நம் இமாமும் நிற்கிறார். தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்ற மணிமேகலையின் வினாவிற்கு அவள் தந்த விடை அனுமானம். நம் கலாம் அறிஞர்கள் அதனை உண்மையான செய்தி என்ற வகையில் அடக்குவர். நாம் முப்பது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தை ஓதிக்கொடுத்து வருகிறோம். அந்த மாணவனும் நம்மிடம்தான் அதை ஓதினான். எவ்வாறு அறிவது என்று நாம் கற்பித்ததை அவன் தன்மீதே பொருத்திப் பார்த்தான். அதற்காகவே அவனைக் கடிந்தோம்!

அவன் கேட்ட கேள்விக்கு நம் கிதாபுகளில் பெயரும் உண்டு: 'ஈமானுல் முகல்லித்', அதாவது ஆதாரம் அறியாமல் பிறரைப் பின்பற்றி நம்புபவரின் ஈமான். அது செல்லுமா என்பது பற்றி மாதுரீதி, அஷ்அரி அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது செல்லும், ஆனால் ஆராயும் ஆற்றல் இருந்தும் ஆராயாதிருப்பவர் குற்றத்திற்கு உள்ளாவார் என்பது பெரும்பாலோர் கருத்து. திலிம்சான் நகரத்து இமாம் ஸனூஸீ (ரஹ்) போன்றோர் இதில் மேலும் கடுமை காட்டினர். மறுபுறம், சாமானிய மக்களைக் கலாம் விவாதங்களுக்குள் இழுத்துவிடக் கூடாது என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்தார்கள். எளிய மனிதரின் உறுதியான நம்பிக்கையை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. இவ்விரு கருத்துகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். கேள்வி எழாத உள்ளத்தில் வலிந்து ஐயத்தை விதைப்பது அறிவுடைமை ஆகாது. எழுந்துவிட்ட கேள்வியை அடக்குவதோ அதனினும் தீது.

திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம், நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, மறைவனவற்றைத் தாம் விரும்பவில்லை எனக் கூறி, அனைத்தையும் படைத்தவன்பால் முகம் திருப்பியதை எடுத்துரைக்கிறது. இது அவர்களே மேற்கொண்ட ஆய்வு என்று சில விரிவுரையாளர்கள் கூறுவர். தம் மக்களுக்கு உண்மையை உணர்த்தும்பொருட்டு நிகழ்த்திய வாதம் என்று இப்னு கஸீர் (ரஹ்) போன்றோர் கூறுவர். எதைக் கொண்டாலும், ஒவ்வொன்றையும் நோக்கி ஆராய்ந்து விலக்கும் முறை அங்கே போற்றப்படுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன் மக்காவில் ஸைத் இப்னு அம்ரு என்பவர் வாழ்ந்தார். சிலை வணக்கத்தில் மனம் ஒப்பாமல் ஷாம் நாட்டிற்குப் பயணம் செய்து, யூத அறிஞரையும் கிறித்தவ அறிஞரையும் கண்டு அவர்தம் மார்க்கங்களைக் கேட்டறிந்தார். இறுதியில் இப்றாஹீம் (அலை) அவர்களின் ஏகத்துவ நெறியைத் தழுவுவதாக அறிவித்தார். அவரைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் மற்றொரு செய்தியும் உண்டு. பெண் குழந்தையை உயிருடன் புதைக்க ஒருவன் முற்பட்டால், அவளைக் கொல்லாதே, நான் வளர்க்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்வாராம். உண்மையைத் தேடிய மனிதர் அது கிட்டும்வரை நன்மையைத் தள்ளிவைக்கவில்லை.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு நாம் அனைவரும் பயான்களில் கேட்டதே. இஸ்ஃபஹான் பகுதியில் நெருப்பை அணையாது காக்கும் பொறுப்பிலிருந்த இளைஞர், ஒரு நாள் கிறித்தவ ஆலயத்தைக் கடக்கையில் அவர்களது தொழுகையோசை கேட்டு உள்ளே சென்றார். செய்தியறிந்த தந்தை மகனின் கால்களில் விலங்கிட்டார். விலங்கை உடைத்து ஷாம் சென்றவருக்கு வாய்த்த முதல் ஆசான், ஏழைகளுக்கென வந்த தருமப் பொருளைப் பதுக்கியவர். ஸல்மான் (ரலி) அதனால் மனம் முறிந்து திரும்பிவிடவில்லை. ஒரு போலியைக் கொண்டு ஒரு மார்க்கத்தை அளக்காமல் அடுத்த நல்லாசானிடமும், பின் மூஸில், நஸீபீன், அம்மூரிய்யா நகரங்களிலும் கற்று, அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து சேர்ந்தார்கள். அங்கும் கேட்டவுடன் ஏற்கவில்லை. தம் ஆசான் சொல்லியனுப்பிய அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே அண்ணலாரின் முன் அழுதபடி நின்றார்கள். பயான்களில் நாம் இவ்வரலாற்றின் முடிவையே அழுத்திச் சொல்கிறோம். மகனுக்கு விலங்கிட்ட தந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தந்தையும் அன்பினால்தான் அவ்வாறு செய்தார்.

பிறந்த மார்க்கத்திலேயே இருந்துகொண்டு தேடியவர்க்கு எடுத்துக்காட்டு இமாம் கஸ்ஸாலி (ரஹ்). கிறித்தவர் பிள்ளைகள் கிறித்தவராகவும், யூதர் பிள்ளைகள் யூதராகவும், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டபோது தம் உள்ளத்தில் எழுந்த வினாவைத் தம் 'அல்முன்கித் மினள் ளலால்' நூலில் அவர்கள் மறைக்காமல் எழுதியுள்ளார்கள். இராயப்பன்பட்டியை நினைத்துக் கம்பத்துப் பையன் கேட்டது இதையன்றி வேறென்ன? புலன்களையும் பகுத்தறிவையுமே ஐயுற்ற நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழிந்தன. பின் கலாம் அறிஞர்கள், பாத்தினிய்யாக்கள், தத்துவவாதிகள், சூஃபிகள் என நான்கு பிரிவினரின் கொள்கைகளையும் அவரவர் நூல்களிலிருந்தே கற்றார்கள். ஒரு கொள்கையை அதை உடையவர்க்கு நிகராக அறியாமல் மறுப்பது குருட்டுத்தனம் என்பது அவர்களது முடிவு. கி.பி. 1095இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியப் பதவியையும் துறந்து புறப்பட்டார்கள். மீண்டும் கிடைத்த ஈமான் பெயரளவில் பழையதே. அது இப்போது அவர்களுடையது.

நம் காலத்திற்கு வருவோம். தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கிய 'கருத்தம்மா' திரைப்படம் 1994இல் வெளிவந்து, பெண்சிசுக் கொலையைத் தமிழகம் முழுவதும் பேச வைத்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது என்பதிலிருந்து இக்கொடுமை இம்மண்ணுக்கும் அயலன்று என அறியலாம். அப்படத்தில் பெண் மகவுகளை மாய்க்கச் சொல்லும் தந்தையாக நடித்தவர் பெரியார்தாசன். பச்சையப்பன் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். சேஷாசலமாகப் பிறந்து, பகுத்தறிவு இயக்கத்தில் நாத்திகராக ஊறி, பௌத்தத்தில் தோய்ந்து, அண்ணல் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைத் தமிழாக்கியவர். 2010 மார்ச்சில் சவூதி அரேபியாவில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் கொண்டார். 2013 ஆகஸ்டில் காலமானார். ஸைத் இப்னு அம்ருவின் வரலாற்றை அறிந்தோர்க்கு, திரையில் பெண்மகவைப் புதைக்கச் சொன்ன அம்மனிதரின் உண்மையான பயணம் எங்கு போய் முடிந்தது என்பது நெஞ்சைத் தொடும்.

அப்போது நம் மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் நேரில் கண்டோம், நாமும் மகிழ்ந்தோம். அறுபது வயது மனிதர் பல நெறிகளையும் ஆய்ந்து இங்கு வந்தார் என்று மேடைதோறும் பெருமை பேசினோம். ஆனால் அவர் ஆராய்ந்தது போலவே நம் வீட்டுப் பிள்ளை ஆராய முற்பட்டால் அலமாரியைப் பூட்டுகிறோம். நம்மை நோக்கி வரும் தேடலுக்கு மாலை, நம்மிடையே எழும் தேடலுக்குப் பூட்டு என்பது நீதியாகுமா?

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என அறிவிக்கும் இரண்டாம் அத்தியாய வசனத்தைப் பிற சமயத்தாரிடம் நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அது அருளப்பட்ட சூழலை அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மதீனாவில் குழந்தை தங்காத பெண்கள், பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்ப்பதாக நேர்ந்துகொள்வதுண்டு. பனூ நளீர் கோத்திரத்தார் வெளியேற்றப்பட்டபோது அவர்களிடையே அன்ஸாரிகளின் பிள்ளைகளும் இருந்தனர். எங்கள் பிள்ளைகளை விட்டுவிட மாட்டோம் என்று அன்ஸாரிகள் கூறினர். அப்போது இவ்வசனம் இறங்கியது. பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றித் தவித்த வேளையில் வந்த வசனம் அது. நாம் ஊருக்கு ஓதும் வசனத்தின் முதல் முகவரி நம் வீடுதான்.

தேடலுக்கும் ஒழுக்கம் உண்டு. பிறர் மார்க்கத்தைக் குறை காணும் நோக்குடன் படிப்பது தேடலாகாது. எதிரியின் நூலில் படித்ததைக் கொண்டு ஒரு கொள்கையை எடைபோடுவதும் கூடாது. இதில் நம் முன்னோர் வழிகாட்டினர். அல்பீரூனி கி.பி. 1030ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்துக்களின் கொள்கைகளை அவர்களது சமஸ்கிருத நூல்களைக் கற்றே எழுதினார். ஷஹ்ரஸ்தானி (ரஹ்) தம் 'அல்மிலல் வந்நிஹல்' நூலில் ஒவ்வொரு சாராரின் கருத்தையும் அவர்கள் சொல்வது போலவே பதிவு செய்ய முயன்றார். தேடுபவர்க்குத் துணையாக ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் துணிவுடையவராயிருக்க வேண்டும். அன்று நம்மிடம் இல்லாதிருந்தது அத்துணிவுதான்.

ஒரு பிள்ளை தேடிச் சென்றால் எங்கு போய் முடியுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பு. அவ்வச்சம் நமக்கும் உண்டு. நாமும் பிள்ளைகளைப் பெற்றவர்களே. ஆயினும் இம்மார்க்கம் உண்மையானது என்று நம்புகிற நாம், அது ஆராய்ச்சிக்குத் தாங்காது என அஞ்சுவது அந்நம்பிக்கைக்கே முரணன்றோ? நேர்வழி காட்டுவது அல்லாஹ்வின் கையில் உள்ளது. கதவைத் திறந்துவைத்து, உடன் அமர்ந்து, பொறுமையுடன் கேட்பது மட்டுமே நம் பணி.

அவ்விரு நூல்களும் இன்னும் நம் அலமாரியில் இருக்கின்றன. வரும் பெருநாள் விடுமுறையில் கம்பம் சென்று அவற்றை உரியவரிடம் ஒப்படைக்க எண்ணியுள்ளோம். அவர் இப்போது குழந்தைகளுக்குத் தந்தை. அன்று சொல்லாத விடையைச் சொல்வதைவிட, அன்று கேட்ட கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்குமாறு அவரிடம் வேண்டப் போகிறோம். உண்மையை உண்மையெனக் காட்டி, அதைப் பின்பற்றும் பேற்றையும் நம் அனைவருக்கும் இறைவன் அருள்வானாக.